மொட்டைமாடி வார்டு

சிஸ்டர் ஓய்வு பெற்ற அன்று அவருடைய வீட்டுக்காரர் கொடுத்த பரிசு, முப்பது மீட்டர் நீளமுள்ள பச்சை ரப்பர் குழாய். வளையமாகச் சுற்றி, நடுவில் சிவப்பு ரிப்பன் கட்டி, கூடத்து நாற்காலியின் மேல் உட்கார வைத்திருந்தார். முனையில் பித்தளையில் ஒரு தெளிப்பான். ஒரு பக்கம் திருகினால் மழையாக விழும், மறுபக்கம் திருகினால் பூச்சாரலாக விழும் என்று அட்டையில் படம் போட்டிருந்தது.

"இனிமே நீ வாளி தூக்க வேண்டாம் பாரு. கீழ்க் குழாய்லேர்ந்து மொட்டைமாடி மூலை வரைக்கும் நானே டேப் பிடிச்சு அளந்தேன். இருபத்தெட்டரை மீட்டர். ஒன்றரை மீட்டர் கையில மிச்சம்," என்றார்.

அளவு சரியாகத்தான் இருக்கும். முப்பத்தாறு வருஷம் நிலம் அளந்த மனிதர். தெருவில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, சர்வேயர் என்றால்தான் தெரியும். ஆனால் கோடையில் கீழ்க் குழாயில் வருகிற தண்ணீருக்கு முதல் மாடி ஏறவே மூச்சு வாங்கும். இரண்டு மாடி தாண்டி மொட்டைமாடிக்கு அது எந்தக் காலத்தில் ஏறும்? கீழ்க்கடைத் தையல்காரருக்குத் தெரியும், முதல் மாடிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். சர்வேயருக்குத் தெரியாது. தெரிய வழியும் இல்லை. தண்ணீர் ஏறாத மாதங்களில் அவர் ஏதாவது ஒரு மலைமேல் இருப்பார்.

சிஸ்டர் குழாயைப் பார்த்தார். கையில் மருத்துவமனையில் கொடுத்த பூங்கொத்து இன்னும் இருந்தது. முப்பத்து நாலு வருஷம் ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டு. வார்டு வாசலில் நின்று எல்லாரும் கைதட்டி அனுப்பி ஒரு மணி நேரம் ஆகவில்லை. "நல்லா இருக்குங்க," என்றார். அந்தப் பாழாய்ப்போன இரண்டு வார்த்தையை ஏன் சொன்னோம் என்று பிறகு மூன்று நாள் தன்னையே திட்டிக்கொண்டார்.

சர்வேயர் ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகிறது. முதல் மாதமே மொட்டைமாடியை அளந்தார். சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்தார். தொட்டிக்கும் தொட்டிக்கும் நாற்பத்தைந்து சென்டிமீட்டர். மொத்தம் அறுபத்திரண்டு தொட்டி. ஒவ்வொன்றிலும் வெள்ளை பெயிண்டில் எண். ரோஜா, சாமந்தி, செம்பருத்தி, எலுமிச்சை, மாதுளை, காகிதப்பூ என்று வரிசை பிரித்து நட்டு, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆயுள் முழுக்க ஏங்கினது இதற்குத்தான் என்றார். அடுத்த மாதம் 'இயற்கை நடை நண்பர்கள்' என்ற குழுவில் சேர்ந்தார். ஏழு பேர். ஏழு பேருமே ஓய்வு பெற்றவர்கள், ஏழு பேர் கழுத்திலும் தொலைநோக்கி, ஏழு பேர் தலையிலும் காது மூடுகிற தொப்பி. வருஷத்துக்கு இரண்டு பெரிய பயணம், நடுவில் குட்டிப் பயணங்கள். அதற்கும்தான் ஆயுள் முழுக்க ஏங்கினாராம்.

ஒரு மனிதருக்கு இரண்டு ஏக்கம் இருக்கலாம், தப்பில்லை. ஒன்றில் அவர் இருக்கும்போது இன்னொன்றை யார் பார்ப்பது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வி அந்த வீட்டில் ஏழு வருஷமாக எழவே இல்லை. இரவு டூட்டி முடித்து, காலையில் வந்து, வெள்ளை ஷூவைக் கழற்றிவிட்டு, சிஸ்டர் வாளியை எடுப்பார். கீழிருந்து மொட்டைமாடிக்கு ஐம்பத்து நாலு படி. காலையில் எட்டு வாளி, சாயங்காலம் எட்டு வாளி. மேலே போய்ச் சேரும்போது தரை தோசைக்கல்லாகக் கொதித்துக் கிடக்கும். ஊற்றிய தண்ணீர் மண்ணுக்குள் போகிற சத்தம் காதில் கேட்கும். அதற்குள் மலையிலிருந்து படம் வரும். பனி மூடிய ஏரி. ஏரிக்கரையில் தொப்பியோடு ஏழு பேர். 'உன்னையும் கூட்டிட்டு வந்திருக்கணும்னு தோணுச்சு. நீ ரிட்டயர் ஆகட்டும், சேர்ந்து வருவோம்' என்று கீழே எழுதியிருப்பார்.

சிஸ்டர் அதை நம்பினார். கடைசி மாதத்தில் கடைக்குப் போய் ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கினார். முப்பத்து நாலு வருஷம் வெள்ளை போட்ட காலுக்குச் சிவப்பு. டப்பாவைக்கூடப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறைக் கதவில் பெரிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. மொட்டைமாடியின் வரைபடம். அறுபத்திரண்டு வட்டம், வடக்கு காட்டும் அம்புக்குறி, ஒவ்வொரு வட்டத்துக்கும் எதிரே எத்தனை மணிக்கு எத்தனை குவளை என்று பொடி எழுத்தில் கணக்கு.

"இது என்னங்க?"

"லேஅவுட். உனக்குக் குழப்பம் வரக்கூடாதுன்னு ரெண்டு நாளா உக்காந்து போட்டேன்." சர்வேயர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மூலை விடாமல், ஒரே கனமாகத் தடவுவார். "சனிக்கிழமை ஏரிக்குக் கிளம்பறோம். பதினெட்டு நாள்."

"கிளம்பறோம்னா யாரு யாரு?"

"நாங்க ஏழு பேரும்தான். வேற யாரு?"

"நான்?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். அதுதான் பிறகு சிஸ்டருக்கு ஆறவே இல்லை. ஏமாற்றுகிறவன் முகமாக இருந்திருந்தால்கூட ஒரு சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம்.

"உன்னால ஏற முடியாதும்மா. ரெண்டு மைல் ஏத்தம். உன் முட்டி என்ன கதியில இருக்குன்னு உனக்கே தெரியும்."

"முட்டி எப்படி அந்தக் கதிக்கு வந்துச்சுன்னும் எனக்குத் தெரியும்."

"வயசாச்சுன்னா வரத்தான் செய்யும்."

"நான் ரிட்டயர் ஆனதும் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்க. ஒரு தடவை இல்ல, ஏழு வருஷம் சொன்னீங்க."

"சொன்னேன், யாரு இல்லேங்கறா? போகலாம், குளிர் வரட்டும், பாக்கலாம். இப்போ நல்ல கோடை. ரெண்டு பேரும் கிளம்பிட்டா செடிய யாரு பாக்கறது? இத்தன நாளா டூட்டிக்கு நடுவுல அரைகுறையாப் பாத்துக்கிட்ட, நான் ஒரு வார்த்தை குத்தம் சொல்லியிருப்பேனா? இப்பத்தான் முழு நேரமாக் கிடைச்சிருக்க."

முழு நேரமாகக் கிடைத்திருக்கிறாள். ஏதோ வேலைக்கு ஆள் அகப்பட்ட மாதிரி. சிஸ்டருக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை ஜிவ்வென்று ஏறியது. ரத்த அழுத்தம் இப்போது எவ்வளவு இருக்கும் என்று அவருக்கே சொல்லத் தெரியும். அந்தத் தாளை இன்னொரு தடவை பார்த்தார். எத்தனையோ டூட்டி சார்ட் போட்டவர் அவர். எந்த நர்ஸுக்கும் தொடர்ந்து ஆறு இரவுக்கு மேல் போட்டதில்லை. இந்தச் சார்ட்டில் பதினெட்டு நாளைக்கும், இரண்டு வேளைக்கும், ஒரே ஆள்தான். அந்த ஒரே ஆளின் பெயரைக்கூட எழுதவில்லை. எழுதத் தேவையில்லை என்று விட்டிருக்கிறார்.

ஆத்திரத்தில் பாதி சர்வேயர்மேல், மீதி தன்மேலேயே. அதற்குக் காரணம் உண்டு.

முதல் கோடையில் பதினோரு தொட்டி செத்துப்போயிற்று. சிஸ்டருக்கு அந்த மாதம் இரட்டை டூட்டி. இரண்டு நாள் மாடி ஏற முடியவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் குச்சி குச்சியாக நின்றது. தன் வார்டில் பதினோரு பேர் போய்விட்ட மாதிரி இருந்தது. மருத்துவமனை வாசலில் ஒரு நாற்றுக் கடை இருந்தது. அதே ரகம், அதே உயரம் தேடிப் பிடித்து, பழைய மண்ணைக் கிளறி, அவர் எழுதிய எண் அழியாமல் நட்டு வைத்தார். வார்டில் சின்ன நர்ஸ் தப்புச் செய்தால் பெரிய டாக்டர் வருவதற்குள் மூடி மறைத்துச் சரிசெய்கிற அதே கை. சர்வேயர் வந்தார், பார்த்தார், "பதினெட்டு நாள் நான் இல்லாமலே எப்படித் தழைச்சிருக்கு பாரு, மண் கலந்த கைராசி அப்படி," என்றார்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த கோடையில் ஒன்பது. அதற்கடுத்த வருஷம் பதினான்கு. பதினேழாம் எண் மஞ்சள் ரோஜா செத்தபோது அதே மஞ்சள் எங்கும் கிடைக்கவில்லை. கொஞ்சம் கூடுதல் மஞ்சளாக ஒன்று கிடைத்தது. "என் எருவுல கலர் ஏறிடுச்சு," என்றார் சர்வேயர். அந்த வருஷம் மலர்க் கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு. மேடையேறிக் கோப்பை வாங்கி, செடி வளர்ப்பது பற்றிக் கால் மணி நேரம் பேசிவிட்டும் வந்தார். கோப்பை கூடத்து அலமாரியில் இருக்கிறது. அதைத் துடைப்பதும் சிஸ்டர்தான்.

ஒவ்வொரு சாவையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். எழுதாமல் விட அவரால் முடியாது, தொழில் அப்படி.

அன்று மதியம் லிஃப்ட்டக்காவுக்குப் போன் போட்டார். மருத்துவமனையில் இருபத்தொன்பது வருஷம் லிஃப்ட் ஓட்டியவர். சிஸ்டரோடு ஒரே நாளில் ஓய்வு பெற்றவர். சின்ன டாக்டரிலிருந்து டீன் வரை எல்லாருக்கும் அக்கா.

"சிஸ்டர், நானே கூப்பிடணும்னு இருந்தேன்," என்றார் லிஃப்ட்டக்கா. "வியாழக்கிழமை ஒம்பது மணி வண்டி. ஆறு கடல்ல கலக்கற ஊரு. என் நாத்தனாரும் நானும் போறதா இருந்துச்சு, அவ முதுகு பிடிச்சுக்கிட்டுப் படுத்துட்டா. கீழ் படுக்கை ஒண்ணு சும்மா கிடக்கு. வர்றீங்களா?"

"ஏத்தம் இருக்குமா?"

"ஏத்தமா? கண்ணுக்கு எட்டின வரைக்கும் சப்பட்டையாக் கிடக்குமாம். அதுக்குத்தானே போறேன். இருபத்தொன்பது வருஷம் மேலயும் கீழயும் போயாச்சு சிஸ்டர். இனிமே பக்கவாட்டுல போகணும்."

சிஸ்டர் சிரித்தார். மூன்று நாளில் முதல் சிரிப்பு. சிரிப்பு நிற்பதற்குள் அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னார். குழாய், லேஅவுட், முழு நேரம், நோட்டுப் புத்தகம். கேட்டுக்கொண்டே வந்த லிஃப்ட்டக்கா நோட்டுப் புத்தகத்தில் கொதித்துவிட்டார்.

"செத்ததை மறைச்சு, அதே பெட்டுல வேற ஆளைப் படுக்க வச்சீங்களா? ஏழு வருஷமாவா? ஆஸ்பத்திரில இதைச் செஞ்சிருந்தா உங்கள உள்ள தள்ளியிருப்பாங்க சிஸ்டர்!"

"தெரியும்க்கா."

"என்னத்தத் தெரியும்? அந்த மனுஷனை நீங்கதான் கெடுத்து வச்சிருக்கீங்க. ஒரு வருஷம் சாக விட்டிருந்தா, அடுத்த வருஷம் ஒழுங்கா வீட்டுல உக்காந்திருப்பாரு. வர்றீங்களா, இல்லையா? ஒரே வார்த்தை."

"வர்றேன்."

திங்கட்கிழமை காலையில் சிஸ்டர் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். சர்வேயர் மாதுளைக் கிளையை அடிக்கோல் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை நான் ஊருக்குப் போறேன். பன்னெண்டு நாள். லிஃப்ட்டக்காவோட. சார்ஜ் கொடுக்கறேன், பொறுப்பை எடுத்துக்கங்க. ஒண்ணாம் நம்பர்லேர்ந்து வரிசையா சொல்றேன்."

"வியாழக்கிழமையா? சனிக்கிழமை நான் கிளம்பறேனே."

"போக வேண்டாம்னு நான் சொல்லலையே. உங்களுக்குப் பதிலா யாராவது ஆள் வச்சுட்டுப் போங்க."

"வெளியாள் கையில கொடுத்தா செடி பிழைக்குமா? ஏழு வருஷமா ஒரு செடி செத்ததில்ல இந்த மாடில. அந்தப் பேரைக் கெடுத்துக்கச் சொல்றியா?"

சிஸ்டர் நோட்டை இறுகப் பிடித்தார். வாய் வரை வந்தது. மனிதர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து, பழைய தோஷம், மறுபடியும் விழுங்கிவிட்டார்.

"சார்ஜ் எடுக்கறீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டேன்." சர்வேயர் சிரித்தார். இவளை எனக்குத் தெரியாதா என்கிற சிரிப்பு. "அடுத்த ஆள் சார்ஜ் எடுக்காம நீ வார்டை விட்டு இறங்கமாட்ட. நம்ம பாப்பாவுக்கு அம்மை போட்டு, காய்ச்சல்ல அம்மா அம்மான்னு கத்திட்டு இருந்தா. அன்னைக்கே நீ மாத்து ஆள் வரலைன்னு இன்னொரு ஷிஃப்ட் நின்னவதானே. உன் சட்டம்தானே அது? நான் கையெழுத்துப் போடல. நீ எப்படிப் போறேன்னு பாக்கறேன்."

இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய நாள். அதை நினைத்து சிஸ்டர் அழாத வருஷம் இல்லை. அன்றைக்கு வார்டில் ஆறு பேர் ஆபரேஷன் முடிந்து கிடந்தார்கள். விட்டுவிட்டு வர முடியவில்லை. பெற்ற மனதை அறுத்துக்கொண்டு நின்ற அந்த ஒரு நாளை எடுத்து, ரோஜாத் தொட்டிக்குக் காவல் போட வைத்துக்கொண்டாரே என்றுதான் இருந்தது. நோட்டை மூடிக்கொண்டு இறங்கி வந்தார்.

சாயங்காலம் வெளியூரிலிருக்கும் மகள் போன் செய்தாள். விஷயம் அதற்குள் அங்கே போயிருந்தது.

"அம்மா, அப்பா பாவம்மா. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் அவருக்கு இருக்கறது இது ஒண்ணுதானே?"

"நான் ரிட்டயர் ஆகலையாடி?"

"நீ வீட்டுலதானேம்மா இருக்கப் போற."

"யாரு சொன்னா?"

"சரி, சார்ஜ் கொடுக்காமப் போகத்தான் உனக்கு மனசு வருமா?" என்றாள். கேலியாகச் சொன்னாளோ, பழைய காய்ச்சலை நினைத்துச் சொன்னாளோ. இரண்டும் குத்தியது.

"போனை வை," என்றார் சிஸ்டர்.

அன்றைக்கும் மறுநாளும் அந்தச் சட்டத்தையே போட்டு உருட்டினார். சட்டம் அவருடையதுதான். மீறவும் முடியாது. மீறினால் இத்தனை வருஷம் நின்றதெல்லாம் பொய் என்றாகிவிடும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருக்கும்போது கத்தி நின்றது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை, வார்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று எல்லா நோயாளிகளையும் வீட்டுக்கும் வேறு வார்டுக்கும் அனுப்பினார்கள். அன்று மாலை கதவைப் பூட்டி, சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு நாலு மணிக்கே வீட்டுக்கு வந்தார். யாரிடமும் சார்ஜ் கொடுக்கவில்லை. கொடுக்க அவசியமில்லை. வார்டு காலி.

சிஸ்டர் மீதிக் கிழங்கை நறுக்கினார். அன்று சர்வேயர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். மனைவி சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை இயற்கை நடை நண்பர்களுக்குப் பயணக் கூட்டம். வரைபடம் பிரிப்பது, தொலைநோக்கி துடைப்பது, யார் அறையில் யார் குறட்டை என்று முடிவு செய்வது. சாயங்காலம் வரை நடக்கும். சர்வேயர் காலை எட்டு மணிக்குத் தொப்பியோடு கிளம்பினார். எட்டேகாலுக்கு லிஃப்ட்டக்கா வந்தார்.

"மூணு மாடியா? இங்க லிஃப்ட் இல்லையா சிஸ்டர்?"

"இல்லக்கா."

"இருந்தா மட்டும் நான் தொடுவேனாக்கும்," என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

சிஸ்டர் இரவெல்லாம் எழுதிய சீட்டுகளைத் தொட்டிக்கு ஒன்றாகச் செருகினார். நோயாளி பெயர், என்ன குறை, எத்தனை வேளை தண்ணீர், எப்போது வெயில், என்ன கண்டால் பயப்பட வேண்டும். பிறகு தூக்க ஆரம்பித்தார்கள். வெயில் ஒன்பது மணிக்கே முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மண் தொட்டி, ஈரமாக இருந்தால் இரண்டு மடங்கு கனம். சிஸ்டர் விளிம்பைப் பிடிக்க, லிஃப்ட்டக்கா அடியைப் பிடிக்க, ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்சு வாங்கி, இறக்கினார்கள். தளம் வரும்போதெல்லாம் லிஃப்ட்டக்கா வாய் தானாக "ரெண்டாவது மாடி, எலும்பு முறிவு" என்றது. அடுத்ததில் "முதல் மாடி, எக்ஸ்ரே". சிஸ்டருக்குச் சிரிப்பில் கை நழுவப் பார்த்தது.

பத்துத் தொட்டி இறங்குவதற்குள் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டார்.

"என்ன சிஸ்டர், வீடு மாத்தறீங்களா?"

"டிஸ்சார்ஜ் பண்றேன். உங்களுக்கு ஒண்ணு வேணுமா? பதினேழாம் நம்பர், மஞ்சள் ரோஜா. பரிசு வாங்கினது."

"ஐயோ, அது சர்வேயரோட உயிராச்சே!"

"அவரோடது மூணாவது கோடைல செத்துடுச்சு. இது நான் வாங்கி நட்டது. ரசீதே இருக்கு."

தையல்காரர் ரோஜாவையும் சிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏழு வருஷமா உங்க வாளிச் சத்தத்துலதான் நான் கடையைத் திறப்பேன், அதுலதான் மூடுவேன்," என்றார். "ஒரு நாள் போய்த் தூக்கிக் கொடுக்கணும்னு தோணல பாருங்க எனக்கும்." நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கேட்காமலே மாடிக்கு ஏறினார். மத்தியானம் வரை அவர் கடையில் யாருக்கும் அளவெடுக்கவில்லை.

தெருவுக்கு விஷயம் தானாகப் பரவியது. இஸ்திரிக்காரம்மா இரண்டு செம்பருத்தி வாங்கினாள். ரொட்டிக்கடைக்காரர் எலுமிச்சையைக் கேட்டார். பள்ளிக்கூட வாட்ச்மேன் கைவண்டி தள்ளிக்கொண்டு வந்து, பள்ளி வாசலுக்கு என்று இருபது தொட்டி ஏற்றினார். சிஸ்டர் யாரையும் சும்மா அனுப்பவில்லை. ஒவ்வொருவரையும் நிறுத்தி, சீட்டைப் படித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்லி, பிறகுதான் கையெழுத்து. "ராத்திரில தண்ணி ஊத்தலாமா?" என்று கேட்ட வாட்ச்மேனுக்கு ஐந்து நிமிஷம் வகுப்பு நடந்தது. கோபத்தில் இருந்தாலும் நோயாளியை யார் கையிலாவது திணிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

மூன்று மணிக்கு மாடி வெறிச்சென்று ஆனது. அறுபத்தோரு ஈர வட்டம், நாற்பத்தைந்து சென்டிமீட்டர் இடைவெளியில். வடமேற்கு மூலையில் ஒரே ஒரு தொட்டி. நாற்பதாம் எண். உருண்டையான கள்ளிச்செடி, முள்ளும் தூசியுமாக.

"இது யாருக்கு?" என்றார் லிஃப்ட்டக்கா.

"இது அவரோடது. அவர் நட்டதுல பிழைச்சது இது ஒண்ணுதான். என் நோட்டுல இது பேரே கிடையாது."

ஆறு மணிக்குச் சர்வேயர் வந்தார். கீழே தையல்காரர் ஜன்னலில் மஞ்சள் ரோஜாவைப் பார்த்துத் திடுக்கிட்டு, இரண்டிரண்டு படியாக ஏறினார். மேலே அவர் போட்ட சத்தம் கூடம் வரை கேட்டது. சிஸ்டர் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"என்ன காரியம் பண்ணியிருக்க நீ? பைத்தியமா பிடிச்சிருக்கு? என் தோட்டம்! ஏழு வருஷ உழைப்பு!"

"யாரோட உழைப்பு?" நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார் சிஸ்டர். "படிங்க. ஒண்ணாம் நம்பர்லேர்ந்து படிங்க. நட்ட தேதி இருக்கு, செத்த தேதி இருக்கு, மறுபடி நான் வாங்கி நட்ட தேதி இருக்கு. சில பெட்டுல மூணு தடவை ஆள் மாறியிருக்கு. உங்க கைராசி எல்லாம் ஆஸ்பத்திரி வாசல் நாற்றுக் கடையில வாங்கினது."

சர்வேயர் நின்றபடியே படித்தார். பதினேழாம் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். கண் ஒரு தடவை அலமாரிக் கோப்பைக்குப் போய்த் திரும்பியது. பிறகு உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்ற மறந்துவிட்டிருந்தார்.

"ஏன் சொல்லல?" என்றார்.

"சொல்லியிருக்கணும். அது என் தப்பு. அந்தத் தப்புக்கு நான் ஏழு கோடை வாளி தூக்கியாச்சு. இனிமே தூக்கமாட்டேன். அந்தக் குழாய் இருக்கு பாருங்க, கீழ போட்டுத் திறந்து பாருங்க. தண்ணி எந்தப் படி வரைக்கும் ஏறுதுன்னு அதையும் அளந்துக்கங்க."

மீதித் துணியை அடுக்கிப் பெட்டியை மூடினார்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்குச் சிஸ்டர் சிவப்பு ஷூவைப் போட்டுக்கொண்டு பெட்டியோடு இறங்கினார். லிஃப்ட்டக்கா தெருவில் ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தார். கீழே சுவரோரம் பச்சைக் குழாய் படிக்கட்டு வழியாக நீண்டு கிடந்தது. விடியற்காலையில் யாரோ போட்டுப் பார்த்திருக்கிறார்கள். முதல் மாடித் திருப்பம் வரை படி நனைந்திருந்தது. அதற்குமேல் காய்ந்து கிடந்தது.

"சிஸ்டர்..."

மேலே மாடிச் சுவரருகே சர்வேயர் நின்றார். ஏதாவது காரியம் ஆக வேண்டும் என்றால்தான் அவரும் சிஸ்டர் என்று கூப்பிடுவார். கையில் கள்ளித் தொட்டி இருந்தது. முள் குத்தாமல் எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் பிடித்திருந்தார்.

"இதுக்கு... இதுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணி?"

சிஸ்டரின் கால் நின்றது. கேள்வி கேட்டால் நிற்கிற கால். பக்கத்தில் கடையைத் திறந்துகொண்டிருந்த தையல்காரர் கையை நிறுத்தினார். சிஸ்டர் அண்ணாந்து பார்த்தார்.

"அது உங்ககிட்ட ஏழு வருஷமாத் தண்ணி கேட்டதில்ல. நானும் எதுவும் கேட்டதில்ல. ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டீங்க," என்றார். தெருவுக்கே கேட்டது. "எனக்குத் தெரியாதுங்க. உங்க செடி. நீங்க பாத்துக் கத்துக்கங்க."

சர்வேயர் தொட்டியோடு அங்கேயே நின்றார். ஆட்டோவுக்கு இன்னும் பத்தடி தூரம் இருந்தது. ஷூ புதுசு, இடது குதிகாலில் நறுக்கென்று கடித்தது. சிஸ்டர் குனிந்து பார்க்கவில்லை, கடிக்கட்டும் என்று நடந்தார்.